ஒரே தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன் சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மூன்று தொட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், மேல்வீட்டுக்காரர் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே மாதிரி போன்தான் வருகிறது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை, கொளத்தூர் மீன் கடைகளில் ஏதாவது ஒன்றின் வாசலிலிருந்து. "இது ரொம்ப அழகா இருக்கு, எங்க வீட்டுல இருக்குறதோட சேருமா?" நான் பதில் சொல்வதற்குள் மீன் பாலிதீன் கவருக்குள் போயிருக்கும். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் நன்னீர் மீன்களைப் பற்றியவை. என் அனுபவம் சென்னைத் தண்ணீரில். உங்கள் ஊர்த் தண்ணீர் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தொட்டியின் நீளமும், குழாயில் வரும் தண்ணீரின் குணமும். மீனின் பெயர் அப்புறம்தான்.

மீன்கள் ஒத்துப்போகவில்லை என்றால் எல்லோரும் "எந்த மீன் சண்டைக்காரன்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை தொட்டியில் நடக்கும் சாவுகளில் பாதிக்குச் சண்டை காரணமே இல்லை. மீன் வளர்ந்து தொட்டி போதாமல் போயிருக்கும், அல்லது அதன் உடம்புக்கு ஒவ்வாத தண்ணீரில் இருந்திருக்கும், அல்லது கூட்டமாக வாழ வேண்டியது தனியாக இருந்திருக்கும். மீதிப் பாதியில் பெரும்பகுதி சண்டையும் அல்ல, சாப்பாடு. சின்னது பெரியதன் வாய்க்குள் போயிருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். வாளியில் வெள்ளைப் படிவு, கெட்டிலில் சுண்ணாம்பு, சோப்பு நுரைக்காது. இது கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு ஏற்ற தண்ணீர். மோலிக்கு மென்மையான தண்ணீரில்தான் சுகமில்லாமல் போகும். அமேசான் பக்கத்து நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை பிறந்த இடத்தில் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. பண்ணையில் பிறந்தவை ஓரளவு பழகியிருந்தாலும், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அவற்றின் ஆயுள் குறையும். கடினத்தன்மையும் பி.ஹெச்சும் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) பார்க்கும் பட்டைகள் மீன் கடையிலேயே கிடைக்கும். முதல் மீனுக்கு முன் அதை வாங்குங்கள்.

இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குப்படி சுமார் 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக நிஜத்தில் 45 லிட்டர்தான் இருக்கும். அதில் மூன்று நான்கு சென்டிமீட்டர் வளரும் சின்ன மீன்கள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை, நல்ல ஃபில்டரும் வாராந்திரத் தண்ணீர் மாற்றமும் இருந்தால், தாங்கும்.

ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு பழைய கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்ப வேண்டாம். ஓர் அங்குல மீன் பத்தும், பத்து அங்குல ஆஸ்கார் ஒன்றும் சமமா? ஆஸ்காரின் எடையும் அது போடும் கழிவும் பல மடங்கு. ஒரே அளவில் உள்ள சின்ன மீன்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஏதோ தோராயமாகப் பொருந்தும்.

கடைத் தொட்டியில் எல்லாம் ஒன்றாகத்தானே நீந்துகின்றன? வீட்டில் மட்டும் ஏன் அடித்துக்கொள்கின்றன?

நல்ல கேள்வி. மூன்று காரணம். ஒன்று, கடையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. எல்லை, ஜோடி என்ற எண்ணமெல்லாம் இன்னும் வரவில்லை. இரண்டு, நெரிசல். நூறு மீன் இருக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றைத் துரத்தினால் அரை அடிக்குள் அது கூட்டத்தில் தொலைந்துவிடும், துரத்துவதில் பயனில்லை. இடம்பிடித்துக் கொள்ள மூலையும் இல்லை. மூன்று, அவை அங்கே சில நாள்தான். வீட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் வளர்ந்து, கல் இடுக்கை "என் வீடு" என்று எடுத்துக்கொண்டபின்தான் உண்மையான குணம் வெளியே வரும்.

கடையில் "ஜோடி" விலைதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி வாங்கலாமா?

நம் ஊர் மீன் வியாபாரத்தில் எனக்குப் பிடிக்காத வழக்கம் இதுதான். டெட்ரா, பார்ப், டேனியோ எதுவானாலும் ஜோடிக் கணக்கில் விற்பார்கள். நாமும் ஐந்து வகையில் ஐந்து ஜோடி வாங்கி, தொட்டி வண்ணமயமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவோம். அந்த வயதில் கடைக்காரருக்கே ஆண் பெண் தெரியாது. கையில் வந்த இரண்டைப் பிடித்துப் போடுகிறார், அவ்வளவுதான்.

கூட்டமாக வாழும் மீனுக்கு இரண்டு என்பது மிக மோசமான எண். ஒன்று வலுவானதாகவும் மற்றது நோஞ்சானாகவும் இருந்தால் வலுவானது நாள் முழுவதும் அதையே துரத்தும். எட்டு இருந்தால் அந்தத் துரத்தல் எட்டாகப் பிரிந்துவிடும். யாருக்கும் காயம் வராது. நியான், விடோ டெட்ரா, ஜீப்ரா டேனியோ, செர்ரி பார்ப், தரையில் உலவும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸ் எல்லாவற்றுக்கும் ஆறுதான் ஆரம்பம், எட்டு பத்து நல்லது. ஐந்து வகையில் பத்து மீனைவிட ஒரே வகையில் பத்து மீன் பார்க்கவும் அழகு. முதலில் கேட்கும்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எட்டு செர்ரி பார்ப் பச்சைச் செடிக்கு நடுவே சேர்ந்து திரும்புவதைப் பார்த்தபின் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஏஞ்சலும் நியான் டெட்ராவும் இரண்டுமே அமேசான்தானே? சேரும்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தொட்டியில் பன்னிரண்டு நியானும் ரூபாய் நாணயம் அளவுக்கு நாலு ஏஞ்சலும் விட்டேன். ஐந்து மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு காலையும் எண்ணும்போது ஒன்று குறைந்தது. பிணம் கிடையாது, எலும்பு கிடையாது. ஃபில்டருக்குள் போய்விட்டதோ என்று அதைக் கழற்றிக்கூடப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் விளக்கைப் போட்டபோது, பெரிய ஏஞ்சலின் வாயிலிருந்து ஒரு நீலச் சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

ஏஞ்சலின் முகத்தைப் பார்த்து சாது என்று நினைக்கிறோம். அது நம் குளத்து ஜிலேபி மீனின் குடும்பம்; ஆஸ்காரும் அதே குடும்பம்தான். வளர்ந்த ஏஞ்சலின் உடம்பு 15 சென்டிமீட்டர் வரும், செட்டைகளோடு உயரம் அதைவிட அதிகம். அமேசானில் நியான் அளவு மீன்கள் அதன் இயல்பான இரை. ஒரே ஆற்றிலிருந்து வந்தவை என்பது சேர்ந்து வாழும் என்பதற்குச் சாட்சி ஆகாது. புலியும் மானும் ஒரே காட்டில்தான் இருக்கின்றன.

ஏஞ்சல் வேண்டுமென்றால் தொட்டி குறைந்தது ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். கூட்டாளியாக, அதன் வாய்க்குள் போகாத உயரமான உடம்புள்ள விடோ டெட்ரா போன்றவற்றை யோசிக்கலாம். ஆனால் அவற்றைக் கூட்டமாக விடுங்கள். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் அவையே ஏஞ்சலின் நீளச் செட்டையைக் கடிக்கும். தரையில் கோரிடோராஸ் இருக்கலாம். ஒரு பொது விதி: பெரிய மீனின் வாய் எவ்வளவு திறக்கும் என்று பாருங்கள். அதற்குள் போகும் அளவுள்ள எதுவும் இன்றில்லாவிட்டால் நாளை இரைதான்.

கோல்டு ஃபிஷ்ஷோடு எதைச் சேர்க்கலாம்?

இன்னொரு கோல்டு ஃபிஷ்ஷை.

அது கெண்டைக் குடும்பம், குளிர்ந்த தண்ணீர்ப் பழக்கம், ஓயாமல் தின்று ஓயாமல் கழிவு போடும். சின்ன மீன் வாயில் அகப்பட்டால் விடாது, மென்மையான செடிகளை இலையும் மிச்சமில்லாமல் தின்றுவிடும். அதில்கூட ஒரு நுணுக்கம் உண்டு: வால் ஒற்றையாக, உடம்பு நீளமாக இருக்கும் காமெட், ஷுபன்கின் வகைகள் வேகமாக நீந்தும், ஒராண்டா, ரியூகின் போன்ற உருண்டை உடம்புக்காரர்கள் தத்தித் தத்தித்தான் வருவார்கள். இரண்டையும் சேர்த்துவிட்டால் சாப்பாடு முழுவதும் காமெட்டுக்கே போகும். கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைப்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. பேசினால் கோபம் வரும்.

சின்ன "ஷார்க்" ஒன்று வாங்கினால் என்ன?

கடையில் ஷார்க் என்ற பெயரில் விற்கும் எதுவும் சுறா அல்ல. நான்கு விரல் நீளத்தில், வெள்ளியாகப் பளபளத்துக்கொண்டு, கண்ணாடியோரம் மேலும் கீழும் பதறி ஓடும் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது மீகாங் ஆற்றுக் கெளுத்தி வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஹோட்டலில் "பாசா ஃபில்லே" என்று தட்டில் வருவது பெரும்பாலும் இதே மீன்தான். வீட்டுத் தொட்டியில் அது பெரிதாகாது என்பார்கள். பெரிதாக விடாமல் முதுகு வளைந்து செத்துப்போகிறது என்பதே சரி.

சில்வர் ஷார்க் ஓர் அடிக்கு மேல் வளரும், கூட்டமாக நீந்தும், பயந்தால் துள்ளி வெளியே விழும். ரெட் டெயில் ஷார்க் அளவில் சின்னது, அரை அடிக்குள். ஆனால் தன் இனத்தில் இன்னொன்றைச் சகிக்காது, தன் மறைவிடத்தைக் கடந்து போகும் மீனைத் துரத்தும். மூன்றரை நான்கடித் தொட்டியில் ஒரே ஒன்று, டைகர் பார்ப் மாதிரி சுறுசுறுப்பானவற்றோடு, கடைசியாக விட்டால் சரிப்பட்டு வரும்.

ஃபைட்டரைக் கூட்டுத் தொட்டியில் விடலாமா?

இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் விடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மற்ற மீன்களோடு விடலாமா என்பது அந்த ஒரு மீனின் சுபாவத்தைப் பொறுத்தது. கப்பியோடு மட்டும் வேண்டாம். விரிந்த வண்ண வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்றே எடுத்துக்கொண்டு பாயும். டைகர் பார்ப், ஜீப்ரா டேனியோ போன்ற துறுதுறுப்பானவற்றோடும் வேண்டாம். அங்கே ஃபைட்டரின் வால்தான் கிழியும். பெயர்தான் ஃபைட்டர், கனமான வாலை இழுத்துக்கொண்டு நீந்தும் மீன் அது, ஓடித் தப்ப முடியாது. தரையில் உலவும் கோரிடோராஸோடு என் வீட்டில் ஒரு ஃபைட்டர் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தது. அடுத்து வாங்கியது முதல் நாளே நத்தையின் கொம்பைக் கடித்தது.

ஃபைட்டரும் கௌராமியும் நம் பனையேறிக்கெண்டை போல மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு உள்ளவை. அதனால் இரண்டையும் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நெருங்கிய உறவு என்பதாலேயே ஒன்றையொன்று போட்டியாகப் பார்க்கும்.

டைகர் பார்ப் உண்மையிலேயே வாலைக் கடிக்குமா?

கடிக்கும். நாலைந்து மட்டும் இருந்தால் அதுதான் அவற்றுக்கு முழுநேர வேலை. பத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும். ஏஞ்சல், ஃபைட்டர், ஆண் கப்பி, கௌராமி போன்ற நீளச் செட்டைக்காரர்களோடு எத்தனை இருந்தாலும் வேண்டாம்.

தொட்டியைச் சுத்தம் செய்ய "டேங்க் கிளீனர்" மீன் ஒன்று போடச் சொல்கிறார்களே?

சக்கர் மீன். விரல் நீளத்தில் விற்கிறார்கள், ஓர் அடிக்கு மேல் வளரும். பாசி தின்னும் என்பது குஞ்சாக இருக்கும்போது ஓரளவு உண்மை. வளர்ந்தபின் மற்ற மீன்களுக்குப் போடும் உணவில் பங்கு கேட்கும், அது போடும் கழிவைச் சுத்தம் செய்ய உங்களுக்குத்தான் வேலை. கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் போன்ற மெதுவாக நீந்தும் மீன்களின் மேல் இரவில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பை உறிஞ்சுவதும் உண்டு. காலையில் பார்த்தால் செதில் பெயர்ந்த வட்டம் தெரியும்.

பாசிதான் தொல்லை என்றால் விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணிக்குள் குறையுங்கள், ஜன்னல் வெயில் படாமல் தொட்டியை நகர்த்துங்கள், உணவைப் பாதியாக்குங்கள். மீதியைத் துடைக்க ஒரு ஸ்பாஞ்ச் போதும்.

கப்பியில் ஆணும் பெண்ணும் எந்த விகிதத்தில்?

ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண். இல்லாவிட்டால் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது. துரத்தித் துரத்தி அலுத்துச் செத்துவிடும். மோலி, பிளாட்டிக்கும் இதே கணக்கு.

ஆனால் யோசித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த விந்தை உடம்பிலேயே பல மாதம் சேமித்து வைக்கும் என்பதால், பெண்ணை மட்டும் வாங்கி வந்தாலும் குட்டி வரும். முதல் பிரசவத்தன்று வீடே கொண்டாடும், நான்காவது பிரசவத்துக்கு அக்கம்பக்கத்தில் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். என் யோசனை: எட்டு ஆண் கப்பி மட்டும் வளருங்கள். நிறமெல்லாம் ஆணிடம்தான் இருக்கிறது, பெண் இல்லாத இடத்தில் பெரிய சண்டையும் வராது.

ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், அரோவானா?

ஃபிளவர்ஹார்ன் தனியாகத்தான். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடே சண்டை போடும் மீனுக்கு யாரைத் துணைக்கு விடுவது? வாஸ்துக்காக வாங்குபவர்களும் ஒன்றுதான் வாங்குகிறார்கள், அந்த வகையில் வாஸ்து நல்லது செய்கிறது. ஆஸ்கார் ஓர் அடி வளரும். அதற்கு 250 லிட்டருக்குக் குறைந்த தொட்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சில்வர் அரோவானா 90 சென்டிமீட்டர் வரை போகும், மூடியைத் தள்ளிக்கொண்டு துள்ளும். இவற்றை வைத்துக் கூட்டுத் தொட்டி அமைப்பது வேறு பெரிய விஷயம், பெரிய செலவு.

பளிச்சென்ற பச்சை, ரோஸ் கோடு போட்ட கண்ணாடி மீன் எதோடு சேரும்?

அதை வாங்காதீர்கள். கண்ணாடி மீன் நம் நாட்டு ஆறு குளங்களில் வாழும் மீன். இயற்கையில் எலும்பு தெரியும் அளவுக்கு நிறமற்றது. அந்த வண்ணக் கோடு ஊசியால் ஏற்றியது. சில மாதத்தில் வண்ணம் போய்விடும், பல மீன்கள் அதற்குள் நோயில் போய்விடும். வண்ணம் ஏற்றாத கண்ணாடி மீன் கிடைத்தால் கூட்டமாக வாங்கி, அமைதியான சின்ன மீன்களோடு விடலாம். வெளிச்சம் ஊடுருவிப் போவது அத்தனை அழகு.

நம் பக்கத்து மீன்களையே வளர்க்க முடியாதா?

தாராளமாக. உலகமெங்கும் ஆய்வகங்களில் இருக்கும் ஜீப்ரா டேனியோவே கங்கைச் சமவெளி மீன்தான். மூடி உள்ள இரண்டடித் தொட்டியில் எட்டு விட்டால் நாளெல்லாம் ஓட்டப் பந்தயம். ஹனி கௌராமி வங்கதேசம், வடகிழக்கு இந்தியப் பக்கம். ஐந்து சென்டிமீட்டர்தான், யாரையும் தொந்தரவு செய்யாது. செர்ரி பார்ப்பும் பிளாக் ரூபி பார்ப்பும் இலங்கையின் ஈரமான தென்மேற்குப் பகுதி ஓடைகளுக்கே உரியவை, உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. பண்ணையில் இனப்பெருக்கம் செய்தவையா என்று கேட்டு வாங்குங்கள்.

"மிஸ் கேரளா" என்று விற்கும், சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைச் சேர்ந்தது. அலங்கார மீன் வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே குறைந்துபோய், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் வளரும், ஓடும் தண்ணீரும் நிறைய ஆக்சிஜனும் கேட்கும், கூட்டம் வேண்டும். நான்கடித் தொட்டி இல்லாதவர்கள் கடையிலேயே பார்த்துவிட்டு வரலாம்.

குளத்தில் பிடித்த அயிரையைத் தொட்டியில் விட்டிருக்கிறேன். மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருக்கும். பிடித்து வந்ததை நேராக விடாமல் மூன்று வாரம் தனி டப்பில் வையுங்கள், ஒட்டுண்ணி இருக்கும். அம்மாவுக்கு இன்றுவரை அதைக் குழம்பில் போடாமல் தொட்டியில் போட்டதில் வருத்தம் உண்டு.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் எல்லா மீனும் சேருமா?

சேராது. ஆர்.ஓ.வில் தாது உப்புகள் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அதை மட்டும் ஊற்றினால் பி.ஹெச் நிலையாக நிற்காமல் திடீரென்று சரியும். டெட்ரா மாதிரி மென்தண்ணீர் மீன் வேண்டுமென்றால் குழாய்த் தண்ணீரில் பாதி ஆர்.ஓ. கலந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் கலந்து ஊற்றுங்கள். வாரா வாரம் இந்த வேலை செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு, முடியாது என்றால் மோலி பக்கம் வந்துவிடுங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் ஊற்ற வேண்டாம்.

எல்லாம் சாதுவான மீன்தான் வாங்கினேன். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. எது கொன்றது?

அநேகமாக அம்மோனியா. புதுத் தொட்டியில் இருபது மீனை ஒரே நாளில் விட்டால், அவற்றின் கழிவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் இன்னும் வளர்ந்திருக்காது. அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் அந்தச் சங்கிலி உருவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பி.ஹெச்சும் வெப்பமும் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். நம் ஊர்த் தண்ணீரில் இரண்டுமே கூடுதல். மீன் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுகிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சண்டையில் செத்த மீனுக்குச் செட்டை கிழிந்திருக்கும், செதில் பெயர்ந்திருக்கும். இதில் உடம்பு முழுதாக இருக்கும்.

நண்பர் யாரிடமாவது நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். மீனை நாலைந்தாக, இரண்டு வார இடைவெளியில் சேருங்கள். சாதுவானது முதலில், எல்லை பிடிக்கும் குணமுள்ளது கடைசியில். ஒவ்வொரு புது மீனும் இரண்டு வாரம் தனி டப்பில் இருந்தபின் வந்தால் வெள்ளைப் புள்ளி நோய் மொத்தத் தொட்டிக்கும் பரவாது. கடைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

கல் உப்பு போடலாமா?

மோலிக்குப் பரவாயில்லை. கோரிடோராஸ், அயிரை வகைகள் இருக்கும் தொட்டியில் வேண்டாம்.

மே மாதத்தில் திடீரென்று சண்டை அதிகமாகிறதே?

20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே நேரம் மீனின் உடம்பு வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். சுறுசுறுப்பும் முட்டையிடும் ஆசையும் கூடும், அதனால் எல்லைச் சண்டையும் கூடும். குளிர்காலத்தில் சரியாக இருந்த எண்ணிக்கை கோடையில் நெரிசலாகத் தெரியும். விளக்கு நேரத்தைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மட்டத்தில் காட்டினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

சண்டை ஆரம்பித்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

அடிபட்டதை எடுக்காதீர்கள், அடிப்பதை எடுங்கள். அதைக் குட்டி வலைப் பெட்டியிலோ டப்பிலோ மூன்று நான்கு நாள் வைத்துவிட்டு, தொட்டியில் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். திரும்பி வரும்போது பழைய எல்லை இருக்காது, எல்லோரும் புதுக் குடித்தனக்காரர்கள். கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி நடுவில் ஒரு கட்டையோ அடர்ந்த செடியோ இருப்பது பெரிய உதவி. இரண்டாம் முறையும் அடித்தால் அந்த மீன் இந்தத் தொட்டிக்கு உரியதல்ல. வளர்க்கும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்களாக இருந்தால் எதையெல்லாம் சேர்ப்பீர்கள்?

போர் தண்ணீர், இரண்டடித் தொட்டி என்றால்: எட்டு ஆண் கப்பி, தரையில் ஆறு வெண்கல நிற (bronze) கோரிடோராஸ். அல்லது ஒரு பிளாட்டி ஆண், மூன்று பெண், கூட எட்டு ஜீப்ரா டேனியோ. இந்த இரண்டில் எதிலும் இன்னொரு வகை சேர்க்க இடமில்லை. சேர்க்கத் தோன்றும், எனக்கும் தோன்றும்.

மூன்றடித் தொட்டி, ஓரளவு மென்மையான தண்ணீர் என்றால்: பத்து செர்ரி பார்ப், ஓர் ஆண் ஹனி கௌராமி, இரண்டு பெண், எட்டு கோரிடோராஸ். நடுத்தண்ணீர், மேல்தண்ணீர், தரை என்று மூன்று அடுக்கும் நிறையும். இப்போது என் கூடத்தில் இருப்பது இந்தத் தொட்டிதான். மேலே தூவும் உணவு தரைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும் என்பதால், கோரிடோராஸுக்கு மூழ்கும் வில்லையை விளக்கணைத்தபின் போடுகிறேன்.

வளர்ந்துவிட்டது, வைத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்து ஏரியில் விடலாமா?

கூடாது. சக்கர் மீன் நம் ஏரிகளில் நிறைந்தது இப்படித்தான். முள்ளும் கவசமுமாக இருப்பதால் பறவையும் பெரிய மீனும் அதைத் தொடுவதில்லை, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, விற்றால் வாங்க ஆள் இல்லை. பல கடைகளில் பெரிய மீனை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சின்ன மீன் தருவார்கள். போகும்போது பாலிதீன் கவர் போதாது, மூடியுள்ள பெயிண்ட் வாளி எடுத்துப் போங்கள். சக்கரின் செட்டை முள் கவரைக் குத்திவிடும். நான் ஒருமுறை பைக்கில் பாதி வழியில் நனைந்திருக்கிறேன்.